வேக இழை, மெது இழை: தசைக்குள் யாருக்கு எப்போது அழைப்பு?

மாடிப்படியில் இருவர் ஏறுகிறார்கள். ஒருவர் இரண்டிரண்டு படிகளாகத் தாவி இரண்டாவது மாடியை நொடிகளில் எட்டிவிடுகிறார். நான்காவது மாடியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்குகிறார். மற்றவர் பேசிக்கொண்டே அவரைக் கடந்து எட்டாவது மாடிக்குப் போய்விடுகிறார். பார்த்தவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்: "அவருக்கு வேகத் தசை, இவருக்கு மெதுத் தசை." உடற்பயிற்சிக்கூடங்களில் இந்தத் தீர்ப்பு கிட்டத்தட்ட ஜாதகம்போல வாசிக்கப்படுகிறது. நீங்கள் இந்த ராசி, ஆகவே பாரம் தூக்குங்கள். நீங்கள் அந்த ராசி, ஓடப் போங்கள்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கோடு தவறான இடத்தில் கிழிக்கப்படுகிறது. வேகம், மெது என்ற பிரிவு ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே இருப்பதைவிட, ஒவ்வொருவருடைய ஒவ்வொரு தசைக்குள்ளும் அதிகம் இருக்கிறது. அந்த இரு கூட்டத்தாரில் யாரை எப்போது வேலைக்குக் கூப்பிடுவது என்பதை நரம்பு முடிவு செய்கிறது. வலிமை, தாங்குதிறன், களைப்பு, மீட்சி எல்லாவற்றையும் அந்த அழைப்பின் வழியாகப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## ஒரே கயிறு, பலவகை நார்

தடித்த கயிற்றைப் பிரித்தால் புரிகள் வரும். புரியைப் பிரித்தால் மெல்லிய நார்கள் வரும். தசையும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. அதன் கடைசி நாருக்குத் தசையிழை என்று பெயர். ஒரு தசையிழை என்பது ஒரே ஒரு செல். பருமன் தலைமுடியளவோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கும். நீளம் மட்டும் பல சென்டிமீட்டர் போகலாம். ('தசைநார்' என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். எலும்பை ஒட்டியுள்ள இணைப்புகளுக்கும் அதே பெயரைச் சிலர் வைத்திருக்கிறார்கள். இருக்கிற குழப்பம் போதும்.)

கயிற்றின் நார்கள் எல்லாம் ஒரே வகை. தசையில் அப்படியில்லை. கோழியை நினைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் நிற்பதும் நடப்பதும் அதன் வேலை. துரத்தினால் மட்டும் படபடவென்று சிறகடித்துச் சில நொடிகள் பறக்கும். அதன் கால் தசை கருஞ்சிவப்பு, மார்புத் தசை வெளிர்நிறம். நெடுந்தூரம் வலசை போகும் காட்டு வாத்துக்கோ, சிறகை இயக்கும் மார்புத் தசையே கருஞ்சிவப்பு. நாள் முழுவதும் உழைக்கும் தசை சிவக்கிறது. அவசரத்துக்கு மட்டும் எழும் தசை வெளுக்கிறது. பிரெஞ்சு உடற்கூறியலாளர் லூயி அந்துவான் ரான்வியே 1870களில் முயலின் தசைகளை ஆராய்ந்து, சிவப்புத் தசை மெதுவாகவும் வெளிர்த் தசை வேகமாகவும் சுருங்குவதைப் பதிவு செய்தார். அங்கிருந்துதான் இந்தப் பேச்சு தொடங்குகிறது.

மனிதத் தசையில் இந்தப் பிரிவு வெறுங்கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வகையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தசையின் குறுக்கு வெட்டுத் துண்டுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஒழுங்கற்ற சதுரங்கப் பலகைபோல இருண்ட கட்டங்களும் வெளிர்க் கட்டங்களும் அடுத்தடுத்துத் தெரியும்.

கலவையின் விகிதம் தசைக்குத் தசை மாறும். கெண்டைக்காலின் ஆழத்தில் சோலியஸ் என்றொரு தசை இருக்கிறது. நிற்கும்போது நாம் முன்னால் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். அதில் பத்தில் எட்டுப் பங்கு இழைகள் மெது வகை. இமையை மூடும் தசையில் பெரும்பாலானவை வேக வகை. தூசு விழும் முன் மூடாத இமையால் என்ன பயன்? தொடையின் முன்புறத் தசையில் சராசரி மனிதருக்கு இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. ஆகவே "எனக்கு வேகத் தசை" என்று ஒருவர் சொன்னால், எந்தத் தசை என்று கேட்பதுதான் நியாயம்.

## இழைக்குள் என்ன வேறுபடுகிறது

தசை சுருங்குவது ஒரு கயிறு இழுப்பு. இழைக்குள் வரிசை வரிசையாக மயோசின் என்ற புரதம் இருக்கிறது. அதன் நுனிகள் எதிரே உள்ள மெல்லிய புரத நூலைப் பிடித்து இழுக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வோர் இழுப்புக்கும் ஏ.டி.பி. என்ற சிறு மூலக்கூறு ஒன்று செலவாகும். செல் தன் வேலைகளுக்கெல்லாம் கொடுக்கும் சில்லறைக் காசு அது.

மயோசினில் சில வடிவங்கள் உண்டு. ஒரு வடிவம் நிதானமாகப் பிடித்து விடும். காசும் நிதானமாகவே செலவாகும். இன்னொன்று படுவேகமாகப் பிடித்து விடும். காசு தண்ணீராய்க் கரையும். முதல் வடிவம் உள்ள இழையை மெது இழை என்கிறோம், இரண்டாவது உள்ளதை வேக இழை என்கிறோம். அடிப்படை வேறுபாடு இவ்வளவுதான். மற்றவை இதற்கு ஏற்றாற்போல அமைந்த வசதிகள்.

செலவு குறைவாகவும் தொடர்ச்சியாகவும் இருக்கும் மெது இழைக்கு நிலையான வரவு போதும். அந்த வரவை மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்புகள் ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பையும் சர்க்கரையையும் எரித்துத் தருகின்றன. மெது இழையில் அவை நிறைய. ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதமும் நிறைய. கோழிக்காலின் கருஞ்சிவப்பு அதுதான். சுற்றிலும் நுண்ணிய இரத்தக்குழாய்களும் நெருக்கமாக ஓடும்.

வேக இழைக்கு அந்த நிதான வரவு போதாது. அதற்குக் கையிருப்பு வேண்டும். பாஸ்போகிரியேட்டின் என்ற உடனடிச் சேமிப்பைச் செலவிட்டு, முழு வேகத்தில் ஏறத்தாழ பத்து நொடி சமாளிக்கும். அதற்குமேல், இழைக்குள் சேர்த்துவைத்த சர்க்கரையான கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாமலே அவசரமாக உடைக்கும். வேகமான வழி, ஆனால் வீண்செலவு அதிகம். களைப்பும் சீக்கிரம் வரும்.

வேக இழையிலும் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. 2ஏ வகை வேகமும் ஓரளவு தாங்குதிறனும் கொண்டது. 2எக்ஸ் வகை மிக வேகமானது, மிக விரைவில் ஓய்வது. மெது இழைக்கு வகை 1 என்று பெயர். எலி போன்ற சிறு விலங்குகளின் உடல் தசைகளில் 2பி என்று இன்னும் வேகமான ஒன்றும் இருக்கிறது; பழைய பயிற்சிக் கையேடுகள் சில அதை மனிதனுக்கும் எழுதிவைத்துவிட்டன. நம் கைகால் தசைகளில் அது இல்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: வேறுபாட்டின் மூலம் மயோசின் இழுக்கும் வேகம். மெதுவாக இழுப்பது சிக்கனமாக வாழ்கிறது. வேகமாக இழுப்பது கையிருப்பைக் கரைக்கிறது.

## வேக இழைதான் வலிமையான இழையா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரே பருமனுள்ள ஒரு மெது இழையையும் ஒரு வேக இழையையும் எடுத்து, நீளம் மாறாமல் இழுக்க வைத்தால், இரண்டின் விசைக்கும் நடுவே உள்ள வேறுபாடு சிறியதுதான். பெரிய வேறுபாடு தெரிவது அசையும்போது. வேக இழை பல மடங்கு விரைவாகச் சுருங்கும். விசையை வேகத்தால் பெருக்கினால் வருவதைத் திறன் என்கிறோம். திறனில்தான் வேக இழை மெது இழையைத் தூக்கி எறிந்துவிடுகிறது.

நகராத கதவைத் தோள் கொடுத்து அழுத்திக்கொண்டே நிற்பது விசை. பந்தை எறிவது, தாவுவது, தடுமாறியதும் சட்டென்று காலை ஊன்றி விழாமல் நிற்பது திறன். முதலாவதில் மெது இழைகளும் நன்றாகவே பங்கெடுக்கும். இரண்டாவதில் அவை உதவிக்கு வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

பின் ஏன் வலிமையானவர்களிடம் வேக இழை பற்றியே பேச்சு? பளுப் பயிற்சியில் வேக இழைகள் பொதுவாக அதிகம் பருக்கின்றன. பருமன் கூடினால் விசை கூடும். அதோடு வலிமைக்கு வேறு பல தாய்தகப்பன்கள் உண்டு: தசையின் மொத்தப் பருமன், எலும்பில் அது பற்றியிருக்கும் இடம், நரம்பு எவ்வளவு இழைகளை ஒரே நேரத்தில் எழுப்புகிறது என்பது. புதிதாகப் பளுத்தூக்கத் தொடங்கியவர் முதல் சில வாரங்களில் பெறும் முன்னேற்றத்தில் பெரும் பங்கு நரம்பு பழகியதால் வருவது. அந்தக் காலத்தில் இழையின் வகையும் பருமனும் அதிகம் மாறியிருக்காது.

## அழைப்பு வரிசை

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இழை வகைகளை மட்டும் மனப்பாடம் செய்வது, ஊழியர் பட்டியலை வைத்துக்கொண்டு அலுவலகம் எப்படி நடக்கிறது என்று ஊகிப்பதுபோல.

மூளை தனி இழையோடு பேசுவதில்லை. தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்புச் செல் கிளைவிட்டுப் பல இழைகளைத் தொடுகிறது. அந்த நரம்புச் செல்லும் அதன் இழைகளும் சேர்ந்து ஓர் இயக்க அலகு. கண்ணைத் திருப்பும் தசையில் ஓர் அலகுக்குப் பத்து இழைபோல இருக்கலாம். கெண்டைக்காலின் மேல் தசையில் ஆயிரத்துக்கும் மேல். ஓர் அலகின் இழைகள் எல்லாம் ஒரே வகை. நரம்பு கட்டளை கொடுத்தால் அத்தனையும் எழும். பாதி எழும், பாதி தூங்கும் என்பது கிடையாது.

அமெரிக்க நரம்பியலாளர் எல்வுட் ஹென்னமன் 1957இலும் 1965இலும் வெளியிட்ட ஆய்வுகளில் ஓர் எளிய விதியைக் காட்டினார். சிறிய நரம்புச் செல்கள் முதலில் விழிக்கின்றன. தேவை கூடக் கூடப் பெரியவை விழிக்கின்றன. சிறிய நரம்புச் செல்களின் கீழ் இருப்பவை பெரும்பாலும் மெது இழைகள். மிகப் பெரியவற்றின் கீழ் இருப்பவை 2எக்ஸ் இழைகள். அளவு விதி என்று இதற்குப் பெயர்.

ஒரு காகிதத்தைத் தூக்கினால் சில மெது அலகுகள் மட்டும் எழும். தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கினால் அவற்றோடு 2ஏ அலகுகளும் சேரும். அசையவே மறுக்கும் பாறையைத் தள்ளினால் எல்லோருக்கும் அழைப்பு போகும். கவனியுங்கள், வேக இழைகள் வந்ததும் மெது இழைகள் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. "மெதுவாகச் செய்தால் மெது இழை வேலை செய்யும், வேகமாகச் செய்தால் வேக இழை வேலை செய்யும்" என்ற பரவலான நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. அழைப்பைத் தீர்மானிப்பது கை அசையும் வேகத்தைவிட, எவ்வளவு முயற்சி தேவைப்படுகிறது என்பது. நூறு கிலோவை ஆமைபோல உயர்த்தும் ஒருவரிடம் அத்தனை வேக இழைகளும் விழித்திருக்கும்.

இன்னொரு வழியிலும் அழைப்பு போகும். இலகுவான எடையையே திரும்பத் திரும்பத் தூக்கினால், முதலில் வந்த அலகுகள் களைக்கும். வேலை நிற்கக் கூடாதென்றால் நரம்பு அடுத்த வரிசையைக் கூப்பிட்டாக வேண்டும். அதனால்தான் குறைந்த எடையை இனி முடியாது என்னும் வரை தூக்கியவர்களுக்கும், கனத்த எடையைச் சில முறை தூக்கியவர்களுக்கும் தசைப் பருமன் ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறது. உச்ச வலிமை என்று வரும்போது கனத்த எடைக்கே முன்னுரிமை. கனத்தைத் தூக்கும் கலையைக் கனம்தான் கற்றுத்தரும்.

நரம்பு வெறும் அழைப்பு மணி மட்டுமல்ல என்பதற்கு 1960இல் ஒரு வியப்பான சான்று கிடைத்தது. புல்லர், ஜான் எக்கிள்ஸ், ரோசமண்ட் எக்கிள்ஸ் மூவரும் பூனையின் மெதுத் தசைக்கும் வேகத் தசைக்கும் செல்லும் நரம்புகளை வெட்டி, இடம் மாற்றி இணைத்தார்கள். சில மாதங்களில் மெதுத் தசை வேகமாகவும், வேகத் தசை மெதுவாகவும் சுருங்கத் தொடங்கின. இழை தன் குணத்தை எழுதிவைத்துக்கொண்டு பிறப்பதில்லை. நரம்பு எப்படிப் பேசுகிறதோ அப்படி ஆகிறது.

## தாங்குதிறன்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். நீண்ட நேர ஓட்டத்திலும் நடையிலும் மெது இழைகள் முதலில் வருகின்றன, கடைசிவரை நிற்கின்றன. 1970களில் முன்னணி நெடுந்தூர ஓட்டக்காரர்களின் கெண்டைக்காலை ஆராய்ந்தபோது, சராசரியாக ஐந்தில் நான்கு பங்கு இழைகள் மெது வகையாக இருந்தன. குறுந்தூர ஓட்டக்காரர்களிடம் அது நான்கில் ஒரு பங்கு அளவே. ஆனால் ஒரே தரத்தில் உள்ள இரண்டு நெடுந்தூர ஓட்டக்காரர்களில் யார் வெல்வார் என்பதை இந்த விகிதம் சொல்லிவிடாது. இதயம், இரத்தம், ஓடும் சிக்கனம், பயிற்சி எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

மணிக்கணக்கில் ஓடும்போது மெது இழைகளின் கிளைகோஜன் வற்றும். அப்போதும் அதே வேகத்தில் ஓட வேண்டுமானால் வேக இழைகளுக்கு அழைப்பு போகும். நெடுந்தூரத்தின் கடைசிக் கட்டத்தில் வேகம் கூடாதபோதே கால்கள் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம். செலவாளிகள் கணக்கை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

## மீட்சி: ஒரே சொல்லில் மூன்று வேலைகள்

"தசை மீள எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காததற்குக் காரணம், மீட்சி என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, பாஸ்போகிரியேட்டின் கையிருப்பை நிரப்புவது. பெரும் பகுதி மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் நிரம்பிவிடும். நிரப்புவதற்கு ஆக்சிஜன் தேவை என்பதால் மைட்டோகாண்ட்ரியா நிறைந்த இழைகள் விரைவாக முந்துகின்றன. கனத்த எடை தூக்குபவர்கள் சுற்றுகளுக்கு நடுவே சில நிமிடங்கள் சும்மா உட்கார்ந்திருப்பது சோம்பலல்ல.

இரண்டாவது, கிளைகோஜனை நிரப்புவது. நன்றாக வற்றியிருந்தால், போதுமான மாவுச்சத்தோடு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும்.

மூன்றாவது, சேதத்தைச் சீர்செய்வது. பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீளும் அசைவுகளில், அதாவது எடையைக் கீழே இறக்கும்போதோ சரிவில் இறங்கி ஓடும்போதோ, இழைகளுக்குள் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. வேக இழைகளே இதில் அதிகம் அடிபடுகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சமடையும் வலி இங்கிருந்து வருவது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று இதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடும் பயிற்சியில் உருவாகும் லாக்டேட் (அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) ஒரு மணி நேரம் போல ஆனதும் இரத்தத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். நாளை மறுநாள் வலிப்பதற்கு அதைக் குற்றம் சாட்டுவது, போன வாரம் ஊரைவிட்டுப் போனவர்மேல் இன்றைய திருட்டு வழக்கைப் போடுவது போன்றது. போதாக்குறைக்கு அது கழிவும் அல்ல. வேக இழைகள் வெளியே தள்ளும் லாக்டேட்டைப் பக்கத்து மெது இழைகளும் இதயமும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன.

இழை வகை மீட்சியை எவ்வளவு மாற்றும்? பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் நடந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வேக இழை மிகுந்தவர்கள், மெது இழை மிகுந்தவர்கள் என இரு குழுக்கள். ஒவ்வொருவரும் சைக்கிள் கருவியில் 30 நொடி முழு மூச்சாக, மூன்று முறை மிதித்தார்கள். மெது இழைக் குழுவின் திறன் 41 சதவீதம் சரிந்தது. வேக இழைக் குழுவின் திறன் 61 சதவீதம் சரிந்தது. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. மெது இழைக் குழுவின் கால் வலிமை 20 நிமிடத்தில் மீண்டுவிட்டது. வேக இழைக் குழு ஐந்து மணி நேரம் கழித்தும் முழுமையாக மீளவில்லை.

ஓர் அணி முழுவதற்கும் ஒரே ஓய்வு அட்டவணையை ஒட்டிவிடும் பயிற்சியாளர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருவருக்குச் சரியான இடைவெளி, பக்கத்தில் நிற்பவருக்குத் தீராத களைப்பாக இருக்கலாம். அவரை மனஉறுதி இல்லாதவர் என்று திட்டுவதுதான் வழக்கம்.

சுருக்கம்: நிமிடங்கள், ஒரு நாள், சில நாட்கள் என மீட்சிக்கு மூன்று கடிகாரங்கள். எவ்வளவு வேக இழைகள் வேலைக்கு அழைக்கப்பட்டன என்பதைப் பொறுத்து அவை மெதுவாகவோ விரைவாகவோ ஓடும்.

## பயிற்சி இழையை மாற்றுமா?

ஒரு பகுதி மாறும், உறுதியாக. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களிடம் 2எக்ஸ் இழைகள் குறைந்து 2ஏ இழைகள் கூடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், ஓட்டத்திலும் இது நடக்கிறது, பளுத்தூக்கலிலும் நடக்கிறது. பயிற்சியை விட்டுவிட்டால் 2எக்ஸ் திரும்பி வரும். தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்தவர்களின் தசையில் ஆண்டுகள் செல்லச் செல்ல மெது இழைகள் குறைந்து வேக வகை பெருகுகிறது. நரம்பின் இடையறாத பேச்சு நின்றுபோனால் இழை சாய்வது வேகத்தின் பக்கம். '2எக்ஸ் அதிகம்' என்பது பெருமைச் சான்றிதழ் என்று நினைப்பவர்கள் இங்கே சற்று நின்று யோசிக்கலாம்.

மெது இழை வேக இழையாகவோ, வேக இழை மெது இழையாகவோ முழுவதும் மாறுவது சில மாதப் பயிற்சியில் எதிர்பார்க்கக் கூடியதல்ல. ஆனால் வகையின் பெயர் மாறாமலே உள்ளடக்கம் வெகுவாக மாறும். நன்கு பயிற்சி பெற்ற ஓட்டக்காரரின் 2ஏ இழையில், உடற்பயிற்சியே இல்லாதவரின் மெது இழையில் இருப்பதைவிட அதிக மைட்டோகாண்ட்ரியா இருக்கக்கூடும்.

வயதும் மாற்றும். முதுமையில் தண்டுவடத்தின் பெரிய நரம்புச் செல்கள் சில இறந்துபோகின்றன. அவற்றை நம்பியிருந்த வேக இழைகளில் சில அழியும். சிலவற்றைப் பக்கத்து மெது அலகின் நரம்பு கிளைவிட்டுத் தத்தெடுத்துக்கொள்ளும். தத்துப்போன இழை புதிய நரம்பின் குணத்துக்கு மெல்ல மாறும். முதியவர்கள் நீண்ட தூரம் நடந்துவிட்டு, தடுக்கும்போது மட்டும் கால் ஊன்ற நேரமில்லாமல் விழுவதன் பின்னணியில் இதுவும் இருக்கிறது. பாரத்தோடு செய்யும் பயிற்சி எஞ்சிய வேக இழைகளைப் பருக்க வைக்கும், எழுபது வயதிலும்.

## உங்கள் விகிதம் என்ன?

நேரடியாக அறிய ஒரே வழி தசையில் ஊசி செலுத்திச் சிறு துண்டை எடுப்பது. சுவீடன் மருத்துவர் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம் 1962இல் இந்த ஊசி முறையைப் பரவலாக்கினார். அதிலும் ஓர் ஓரத்தில் எடுத்த துண்டு முழுத் தசைக்கும் சாட்சி சொல்லாது. கென்ட் ஆய்வாளர்கள் காந்த அதிர்வுக் கருவியால் தசையில் உள்ள கார்னோசின் என்ற பொருளை அளந்தார்கள். வேக இழைகளில் அது அதிகம். தாவும் உயரத்தைக் கொண்டோ, உச்ச எடையின் 80 சதவீதத்தை எத்தனை முறை தூக்க முடிகிறது என்பதைக் கொண்டோ இழை விகிதத்தைச் சொல்லும் சோதனைகளை நான் நம்புவதில்லை. பழக்கமும் நுட்பமும் அந்த எண்களை எளிதில் மாற்றிவிடும்.

மரபணுச் சோதனைகளும் விற்கப்படுகின்றன. ஏ.சி.டி.என்.3 என்ற மரபணு, வேக இழைகளில் மட்டும் இருக்கும் ஒரு புரதத்தை உருவாக்குகிறது. உலகில் ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு பேரில் ஒருவருக்கு அந்தப் புரதமே கிடையாது. அவர்கள் நலமாகவே இருக்கிறார்கள். முன்னணிக் குறுந்தூர ஓட்டக்காரர்களிடம் இந்தக் குறை மிக அரிது என்பது 2003இல் ஆஸ்திரேலிய ஆய்வில் தெரிந்தது. ஒலிம்பிக் இறுதிச் சுற்றைப் பற்றிப் பேச அது பயன்படும். ஒரு பள்ளிச் சிறுவன் எந்த விளையாட்டில் சேர வேண்டும் என்று முடிவு செய்யப் பயன்படாது.

ஊசியும் வேண்டாம், மரபணுவும் வேண்டாம் என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முழு மூச்சாகச் செய்யும் ஏதாவது ஒரு பயிற்சியில் முதல் சுற்றின் எண்ணையும் மூன்றாவது சுற்றின் எண்ணையும் எழுதிவையுங்கள். இரண்டு நாள் கழித்து அதே முதல் சுற்றை மறுபடி செய்து எழுதுங்கள். மூன்றாவது சுற்றில் பாதியாகச் சரிகிறீர்கள், இரண்டு நாள் கழித்தும் பழைய எண் வரவில்லை என்றால், சுற்றுகளுக்கு நடுவே இன்னும் இரண்டு நிமிடமும் பயிற்சிகளுக்கு நடுவே இன்னும் ஒரு நாளும் சேர்த்துப் பாருங்கள். எண் சரியவே இல்லை என்றால் அடுத்த முறை ஒரு சுற்றைக் கூட்டலாம்.